ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் ஓடைகள்

அத்தியாயம் 7

கடலோரக் காடு கண்காணிப்பு நிலையத்தின் இயக்குநர் ரிமோட்டை அமுக்க அமுக்க, சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரையில் வருஷங்கள் ஓடின. ஐந்து, பத்து, முப்பது. அலையாத்திக் காடு பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போனதே தவிர, ஒரு இலைகூட வாடவில்லை.

"மனுஷனுக்கு முப்பது வருஷத்துல முடி கொட்டிடுது. இதுக்கு மட்டும் அடர்த்தியாகிட்டே போகுதே, என்ன எண்ணெய் சார் ஊத்தறீங்க?" என்று கேட்டான் ரேடியோ.

இயக்குநர் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை என்பது, கேட்டு முடித்த பிறகுதான் அவன் கண்ணில் பட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணி அவன் காலை நன்றாக மிதித்தாள்.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. மூன்று வேலைகளை வாயாலேயே தொலைத்துவிட்டு, நான்காவதாக அண்ணன் மனைவியிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். அண்ணி துப்பறிவாளர். காணாமல் போன நாய்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் கம்பி நீட்டிய மாப்பிள்ளைகள், இவைதான் இதுவரை அவள் தேடியவை. இரண்டையுமே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். நாய்களைத் திரும்பப் பெற்றவர்கள் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

"இது ஏஐ போட்ட கணிப்பு," என்றார் இயக்குநர், எதுவும் காதில் விழாத மாதிரி. "ஏழு ஓடையில ஏழு சென்சார் இருக்கு. தண்ணியில என்ன கலக்குது, எவ்வளவு கலக்குதுன்னு கால் மணிக்கு ஒரு தடவை அனுப்பும். அதை வச்சுக் காடு பிழைக்குமா, சாகுமான்னு அந்த ஏஐ மாடல் சொல்லிடும். பெயின்ட் கம்பெனி கழிவுத் தண்ணிக்கு ரெண்டாவது குழாய் போடப் போறாங்க. காட்டுக்கு ஆபத்து இல்லைன்னு நான் நாளைக்குச் சான்றிதழ் கொடுக்கணும்."

"கொடுக்க வேண்டியதுதானே?" என்றாள் அண்ணி.

"ஆறு சென்சார் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுது. ஏழாவது மட்டும் விஷம் விஷம்னு கத்துது. மாடலே அதைப் பழுதுன்னு கண்டுபிடிச்சுக் கழற்றச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. எங்க படகுக்காரி, அதான் ஓடைக்குப் போய்க் கருவியைப் பார்த்துக்கற பொண்ணு, கழற்ற மாட்டேன்னுட்டா. எழுதிக் கேட்டேன். முடியாதுன்னு எழுதியே கொடுத்துட்டா! அவதான் அதுல எதையோ ஊத்தி அளவைக் கெடுக்கறா. அவ வீட்டுக்காரன் அங்க நண்டு பிடிக்கிறவன். குழாய் வந்தா அவன் பிழைப்புக்கு ஆகாதுல்ல?"

நாலு மணிக்கு விசாரணை. பொய்க் கணக்குக் கொடுத்தாள் என்று முடிவானால் அவளுக்கு வேலை போகும். அந்தப் பெயரோடு வேறு எங்கேயும் வேலையும் கிடைக்காது. மறுநாள் குழாயும் வரும். விசாரிக்கப் போகிற ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள், வெளியாள் ஒருவர் அறிக்கை கொடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் இயக்குநர் இவர்களைக் கூப்பிட்டிருந்தார். நாய் தேடுகிறவர்களுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியப் போகிறது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. ரேடியோவுக்குச் சுருக்கென்றிருந்தது. தெரியாது என்பது உண்மைதான். அதற்காக முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

"ஏழு சென்சாரும் அனுப்பின கணக்கு மூணு மாசத்துக்கு வேணும்," என்றாள் அண்ணி. "காகிதத்துல."

"அதெல்லாம் ஆயிரக்கணக்கான எண்கள். உங்களுக்குப் புரியாது."

"புரியாததைத்தான் நான் நிதானமா படிப்பேன்."

கட்டுக் காகிதத்தோடு இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அங்கே பெஞ்சின் ஓரத்தில் படகுக்காரி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். விசாரணைக்கு என்று துவைத்துத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தாள்; கால் நகங்களுக்குள் மட்டும் சேறு போகவில்லை. காலை எட்டு மணியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாளாம்.

"நீங்க எதையாவது ஊத்தினீங்களா?" என்று நேராகக் கேட்டாள் அண்ணி.

"நான் எதுக்கும்மா ஊத்தணும்? அதான் கம்பெனிக்காரங்க ஊத்தறாங்களே."

"மத்த ஆறு சென்சாரும் நல்லா இருக்குன்னு சொல்லுதே?"

"அந்த ஆறும் என் பொறுப்பு இல்லைன்னு போன வருஷமே சொல்லிட்டாங்க. கருவி ரிப்பேர் பண்ற பட்டறைக்காரர் பார்த்துக்கறார். அந்தப் பக்கம் படகை விடவே கூடாதுன்னு உத்தரவு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் கண்ணுல மரம் பழுத்துக்கிட்டு நிக்குது. அவங்க கம்ப்யூட்டர்ல பச்சையா இருக்கு. கண்ணு கெட்டுப்போச்சோன்னு டாக்டர்கிட்ட போய்க்கூட காட்டிட்டு வந்தேன்," என்றாள்.

ரேடியோவுக்கு ஒரு நல்ல ஜோக் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அண்ணி காகிதங்களைத் தரையில் பரப்பினாள். விஷத்தின் அளவு இருந்த பத்திகளைத் தொடவே இல்லை. ஓரத்தில் யாரும் மதிக்காமல் கிடந்த ஒரு பத்தியில் விரலை வைத்தாள். தண்ணீரின் வெப்பம்.

"ரேடியோ, வெயில்ல வச்ச தண்ணி மத்தியானம் எப்படி இருக்கும்?"

"சுடும். இதுக்கு ஏஐ எல்லாம் வேணாம் அண்ணி, எங்க அண்ணனே சொல்லிடுவார்."

"ஏழாவது ஓடையில அப்படித்தான் இருக்கு. மத்த ஆறையும் பாரு."

பார்த்தான். ராத்திரி இருபத்தொன்பது டிகிரி. காலை பத்து மணியிலிருந்து கடகடவென்று இறங்குகிறது. மத்தியானம், வெளியே மண்டை பிளக்கும் நேரத்தில், இருபத்திரண்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மறுபடி ஏறுகிறது. ஆறு ஓடையும் அப்படியே, ஒன்று சொன்னதை மற்ற ஐந்தும் ஒப்பித்த மாதிரி.

"வெயில் ஏற ஏறக் குளிருதா! இந்த ஓடைக்கெல்லாம் காய்ச்சலா அண்ணி?"

"ஞாயிற்றுக்கிழமையைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை குளிரவே இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்று மாதத்தில் ஒரு ஞாயிறுகூட இல்லை. அரசு விடுமுறைகளிலும் இல்லை.

ரேடியோ வாயைத் திறந்தபடி இருந்தான். "லீவு எடுக்குது அண்ணி! பத்து மணிக்கு வேலைக்கு வருது, அஞ்சரைக்குக் கிளம்புது, ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குது. ஓடைக்கு நிரந்தர வேலை கிடைச்சிருக்கு. எனக்குத்தான் கிடைக்கலை."

"ஏசி ஓடற ரூம்ல இருக்கு," என்றாள் அண்ணி. "எந்த ரூம்னு கண்டுபிடிக்கணும். இந்தக் கட்டடத்துல ஏசி மட்டும் இருபது தேறும் போல. இந்த ஒரு புதன்கிழமையைப் பார்த்தியா? அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் குளிரலை. மூணரைக்கு மேலதான் இறங்குது. அப்போ அன்னிக்கு ஏசி ரிப்பேர். ரிப்பேர்னா?"

"மெக்கானிக் வந்திருக்கணும். மெக்கானிக் வந்தா கேட்ல கையெழுத்து!" என்று கத்திக்கொண்டே ரேடியோ படியிறங்கி ஓடினான்.

வாசல் காவலாளி தடி நோட்டைப் புரட்டினார். அந்தப் புதன்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால். வந்தவர்: ஏசி மெக்கானிக். பார்க்க வேண்டிய இடம்: பட்டறை, பின்கட்டு.

"இயக்குநர் ரூம் ஏசி ரிப்பேர் ஆகாதா?" என்று சும்மா கேட்டு வைத்தான்.

"அது நிக்கறதே இல்லையே தம்பி. அவர் இல்லாத அன்னைக்கும் ஓடும். நாற்காலிக்கு வேர்க்கக் கூடாதுல்ல?" என்றார் காவலாளி. நம்ம ஆள் என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

பின்கட்டில் பட்டறைக்காரர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர். ஒளிக்கவோ மறைக்கவோ செய்யவில்லை. கேட்டதுமே, வீட்டில் புதிதாக வாங்கிய பாத்திரத்தைக் காட்டுகிற மாதிரி மூலையில் இருந்த துணியை விலக்கிக் காட்டினார்.

குழந்தையைக் குளிப்பாட்டுகிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக் டப். விளிம்பில் ஒரு வாத்துப் படம். உள்ளே தெள்ளத் தெளிந்த தண்ணீரில் ஆறு சென்சார்களும் வரிசையாகப் படுத்திருந்தன.

"எங்க பாப்பா வளர்ந்துடுச்சு, சும்மாதான் கிடந்தது," என்றார். "ஒரு பாக்கெட் உப்பு போட்டா கடல் தண்ணி பதத்துக்கு வந்துடும். வாரா வாரம் மாத்திடுவேன். அளவு எவ்வளவு அழகா வருது தெரியுமா?"

முப்பது வருஷத்துக்குக் காடு செழிக்கும் என்று அந்த மகா மூளை சொன்னது இந்த டப்பைப் பார்த்துத்தான். உள்ளபடியே இந்த டப்புக்கு முப்பது வருஷத்துக்கு எந்தக் குறையும் வராது என்று ரேடியோவும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான்.

"கம்பெனிக்காரங்க உங்களுக்கு என்ன கொடுத்தாங்க?" என்றான் முறைத்துக்கொண்டு.

பட்டறைக்காரர் முகம் வெளிறியது. "கம்பெனியா? எனக்கு யாருப்பா கொடுத்தா? எனக்கு உத்தரவு வந்துச்சு, செஞ்சேன்." அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். "தினமும் நாலரை மணிக்கு மாடல் கணக்கைச் சரிபார்த்து, பழுது இருந்தா அதுவே உத்தரவு அச்சடிச்சு அனுப்பும். இதோ பாருங்கம்மா, மூணாவது சென்சார் பழுது. கழற்றவும். சுத்தம் செய்யவும். அளவு சரியாகும்வரை சுத்தமான உப்புத் தண்ணீரில் வைக்கவும். நான் சுத்தம் பண்ணித் திரும்ப ஓடையில வைப்பேன். மறுநாளே மறுபடி பழுதுன்னு வரும். மறுபடி கழற்றுவேன். இங்க வச்சா சரியாயிடும்."

"அது பழுதே இல்லையே. ஓடையில இருக்கிற விஷத்தைத்தானே சொல்லிச்சு?"

"மாடல் படிச்சது எல்லாம் காடு சுத்தமா இருந்த காலத்துக் கணக்கும்மா. அதுக்குத் தெரிஞ்சது நல்ல தண்ணி மட்டும்தான். வேற எது வந்தாலும் கருவி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கும். நான் யாரு அதைக் கேள்வி கேட்க? படிச்சவங்க செஞ்சது."

உண்மையைச் சொன்னால் கெட்டுப்போன கருவி, குளிப்பாட்டி ஏசியில் படுக்க வைத்தால் நல்ல கருவி. ரேடியோவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஒரு அப்பாவியை மிரட்டிவிட்டோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

அண்ணி ஃபைலைக் கடைசிவரை புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். ஓரத்தில் பச்சை மசியில் இரண்டு வரி, கீழே இயக்குநரின் கையெழுத்து. அவள் உரக்கப் படித்தாள்: "'இனி ஓடையில் வைக்க வேண்டாம். பட்டறையிலேயே நன்றாக வேலை செய்கிறது.'"

பட்டறைக்காரர் துணியை எடுத்து டப்பை மறுபடி மூடினார்.

"அண்ணி, இவர்தானே நமக்கு வேலை கொடுத்தவர்?" என்றான் ரேடியோ மெதுவாக. "கட்சிக்காரரையே மாட்டிவிட்டா தொழில் என்னாகும்?"

"நாய்க்குத் திரும்பிடலாம்," என்றாள் அண்ணி, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "ஆனா இது மட்டும் போதாது. ஆறு ஓடையும் இப்ப எப்படி இருக்குன்னு இந்த ஃபைல் சொல்லாது. நழுவிடுவார்."

நீதிபதி அம்மாளுக்கு அங்கேயே போன் போட்டாள். ஆறு கருவிகளையும் பதிவேட்டில் இருக்கிற இடத்திலேயே வைக்க அனுமதி வேண்டும் என்றாள்.

"பதிவேட்டுல இருக்கிற இடத்துல வைக்க அனுமதி கேட்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். வையுங்க," என்று போனை வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

ஒரு மணிக்குப் படகு கிளம்பியது. பட்டறைக்காரர் ஆறு சென்சார்களையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். படகுக்காரி தேய்த்த சட்டையின் கையை மடித்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள். ரேடியோ கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு, நீச்சல் தெரியாத தன் கஷ்டத்தைப் பத்து நிமிஷம் பேசினான். முதல் ஓடைக்குள் திரும்பியதும் பேச்சு நின்றது.

இலைகள் மஞ்சளாகத் தொங்கின. சேற்றிலிருந்து மூச்சு வாங்க மேலே நீட்டிக்கொண்டிருந்த வேர்களின் மேல், பழைய கதவுக்கு அடித்த மாதிரி ஒரு பூச்சு படிந்திருந்தது. தண்ணீரில் நிறம் நிறமாக எண்ணெய்ப் படலம். நண்டுக் கூடை ஒன்று கொம்பில் காலியாகத் தொங்கியது.

"என் வீட்டுக்காரருது," என்றாள் படகுக்காரி. "எடுத்துட்டு வரச் சொல்லிட்டே இருக்கேன். மனசு வரலைங்கறாரு."

ரேடியோ இடுப்பளவு சேற்றில் இறங்கி, அவள் காட்டிய இடத்தில் சென்சாரைக் கட்டினான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. காட்டைப் பற்றி எதுவுமே தெரியாத தனக்கே இப்படி இருந்தால், ஏழாவது ஓடையில் தினம் இதைப் பார்க்கிற இவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தான். இந்த இடத்துக்குப் பச்சை மசியால் கதை எழுதியவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

ஆறையும் கட்டி முடிக்க மூன்றே முக்கால் ஆனது.

விசாரணை அறையில் நீதிபதி அம்மாள் நடுவில், இயக்குநர் வலப்பக்கம், பெயின்ட் கம்பெனியின் மேலாளர் இடப்பக்கம். அந்த மேலாளருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு உரிமையோடு உட்கார்ந்திருந்தார். ரேடியோ உட்கார்ந்த நாற்காலியிலிருந்து சேறு சொட்டியது.

அண்ணி போனில் எடுத்து வந்த டப் படத்தையும் ஃபைலையும் மேஜையில் வைத்து, பச்சை மசி வரிகளைப் படித்தாள். இயக்குநர் முகம் கறுத்தது. ஆனால் அவரும் லேசுப்பட்டவரா?

"அது நிர்வாக வசதிக்காக எடுத்த தற்காலிக முடிவு," என்று பூசி மெழுகினார்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "டப்பை விடுங்க மேடம். நிரூபணம் ஆனது ஒரே ஓடை. ஏழாவது. மத்த ஆறும் கெட்டிருக்குன்னு எந்தக் கருவி சொல்லுது? எந்தக் கருவியும் சொல்லலையே. சொல்லாத ஒண்ணுக்காக எங்க குழாயை எப்படி நிறுத்த முடியும்? அந்த ஒண்ணையும் இந்தம்மா கெடுக்கலைன்னு யாரு சாட்சி?"

நீதிபதி அம்மாள் பேனாவால் மேஜையைத் தட்டினார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். படகுக்காரி கைகளைப் பிசைந்தாள்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்திரண்டு.

"ரேடியோ," என்றாள், "பேசு."

அவன் வாழ்க்கையில் அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை. எழுந்தான். படகு ஆடிய விதம், சேற்றில் மாட்டிய செருப்பு, அந்தச் செருப்பை வாங்கின கடை, கடைக்காரர் காது கேளாதது, முதல் ஓடையின் ஆழம், இரண்டாவது ஓடையின் வாடை என்று மூச்சு விடாமல் அடுக்கினான். இயக்குநர் இரண்டு தடவை ஆட்சேபித்தார். "அறிக்கையில ஒரு பகுதி," என்றாள் அண்ணி முகம் மாறாமல். ஐந்தாவது ஓடையில் தன்னைக் கடித்த பூச்சியின் உயரத்தை அவன் கையால் காட்டிக்கொண்டிருந்தபோது, மணி நாலரை ஆனது.

காலையில் இயக்குநர் காட்டைக் காட்டிய அந்தச் சுவர்த் திரை சிணுங்கியது. ஒரு சிவப்பு வரி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. வரிசையாக ஏழு. ஒதுக்கிவிட்டு நம்புவதற்கு வேறு சென்சார் மிஞ்சாததால், வந்த கணக்கை வைத்தே பச்சைக் காடு ஓடை ஓடையாகப் பழுப்பாகி, கீழே முப்பது வருஷம் என்றிருந்த எண் மூன்றில் போய் நின்றது.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "ஒன்று முதல் ஏழு வரை எல்லாச் சென்சார்களும் பழுது. உடனே கழற்றவும்." நிமிர்ந்தார். "ஒரே சமயத்துல ஏழுமா?"

"அந்த ஆறும் ஒரு மணி வரைக்கும் நல்லா இருந்துச்சு மேடம்," என்றாள் அண்ணி. "உங்க அனுமதியோட ஓடையில வச்சோம். ஓடையைப் பார்த்த உடனே பழுதாயிடுச்சு."

மேலாளர் சத்தமில்லாமல் பையை மூடினார். இயக்குநர் பழக்கதோஷத்தில் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். காடு பச்சைக்குத் திரும்பவில்லை.

குற்றச்சாட்டு தள்ளுபடி, குழாய்க்குத் தடை, இயக்குநர் தற்காலிக நீக்கம். நீதிபதி அம்மாள் மூன்றையும் எழுதி முடித்துவிட்டுப் படகுக்காரியைப் பார்த்தார்.

"இந்த ஏழையும் இனிமே கழற்றக் கூடாது. இயக்குநரா யார் வந்து சொன்னாலும் சரி, இந்த மெஷினே சொன்னாலும் சரி, முடியாதுன்னு சொல்லிடணும். எழுதிக் கேட்டா எழுதியே கொடுத்துடணும். புரிஞ்சுதாம்மா?"

படகுக்காரி எழுந்து நின்றாள்.

"புரியுது மேடம்," என்றாள். "அதைச் செஞ்சதுக்குத்தான் இன்னிக்கு என்னை விசாரிச்சீங்க."